எஞ்சினியரை ஆற்றில் நிற்க வைத்தல்

1

போன ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எல்லோரும் கதைத்துக்கொண்டு நின்றபோது, என் மகள் ஷரோன் என் போனை வாங்கி ஒரு வீடியோவைப் பார்த்தாள். நாற்பது விநாடி வீடியோ. மலையிலிருந்து இறங்கும் ஒரு ஆறு. நடுவில், தொடையளவு தண்ணீரில், நெஞ்சுவரை ஏறும் பச்சை றப்பர்க் காற்சட்டையோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தூண்டில் தடியை வீசிக்கொண்டு தனியே நிற்கிறார். அவர்தான் நான் பார்த்துக்கொள்ளும் எஞ்சினியர். வயது எண்பத்துமூன்று. இந்த வயதில் இப்படி நிற்கிறாரே என்று பார்ப்பவர்கள் வாய் பிளக்கவேண்டும். வீடியோ எடுத்ததே அதற்காகத்தான்.

ஷரோன் இரண்டாம் தரமும் ஓடவிட்டாள். பிறகு நிறுத்தி, இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்தாள்.

"அப்பா, இஞ்சை பாருங்கோ. உங்கடை மானோ தெரியுது."

மானோ என்றால் கை. பிள்ளைக்குப் பதினேழு வயது, பலேர்மோவில் பிறந்தவள். உடம்பில் உள்ள உறுப்புகளுக்கெல்லாம் அவளுக்கு இத்தாலியன்தான் வாயில் வரும். நொந்தால் மட்டும் "நோகுது" என்று தமிழில் சொல்வாள். அதுவாவது இருக்கிறதே என்று நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் ஆறுதல்பட்டுக்கொள்வோம்.

நான் போனை வாங்கிப் பார்த்தேன். எஞ்சினியரின் இடுப்புக்குப் பின்னாலிருந்து நான்கு கறுத்த விரல்கள் அவருடைய பெல்ற்றைப் பிடித்திருந்தன. என் கலியாண மோதிரம்கூட வெயிலில் மினுங்கியது.

அந்த வீடியோ மூன்று நாளைக்கு முன்னரே, என் போனிலிருந்து, என் விரலால் அழுத்தி, வடக்கே தொரினோவில் இருக்கும் அவருடைய மகனுக்குப் போயிருந்தது. பார்த்துவிட்டதற்கான இரண்டு நீலக் கோடும் விழுந்திருந்தது. பதில் இல்லை. ஒவ்வொரு வருடமும் அரை மணித்தியாலத்துக்குள் "பிராவோ பப்பா" என்று வந்துவிடும்.

வாசலில் சனம் எங்கள் ஊர்ப் பெருநாளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது. நான் போனைக் காற்சட்டைப் பைக்குள் ஒளித்தேன்.

2

ஒரு கை தெரிந்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் எஞ்சினியர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. மனைவி அதற்கு முன்னரே இறந்துபோயிருந்தார். ஒரே மகன் தொரினோவில் பல் டொக்டர். அவர் விமானத்தில் வந்து, வீட்டைப் பூட்டிவிட்டுத் தகப்பனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார். எஞ்சினியர் கட்டிலில் இருந்தபடியே கத்தினாராம்: "என்ரை ஆத்திலை நான் நிக்கிற வரைக்கும் பலேர்மோவை விட்டு வரமாட்டன். நிக்க ஏலாமல் போற வருசம் வா, வந்து தூக்கிக்கொண்டு போ." (எஞ்சினியர் பேசுவது சுத்தமான இத்தாலியன். நான் எழுதும்போது அவர் மன்னார் ஆளாகிவிடுகிறார். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

மகனும் பிடிவாதத்தில் தகப்பனுக்குக் குறைந்தவர் இல்லை. சரி, ஒவ்வொரு ஜூலையும் நிற்கிற வீடியோ வரவேண்டும், வராத வருடம் நான் வருவேன் என்றார். தகப்பனைப் பார்க்க வீட்டோடு ஒரு ஆளையும் தேடினார். பங்குச் சுவாமியார் என் பெயரைச் சொன்னார். திங்கள் முதல் சனிவரை அந்த வீட்டில் என் படுக்கை. ஞாயிறு மட்டும் போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பின்னால் உள்ள எங்கள் வீட்டில்.

ஆக, எஞ்சினியர் ஆற்றில் நின்றால் வீடு திறந்திருக்கும். வீடு திறந்திருந்தால் என் வேலை ஒப்பந்தம் இருக்கும். ஒப்பந்தம் இருந்தால் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் தலைமையகத்தில், என் பெர்மெசோவைப் புதுப்பித்துத் தருவார்கள். அந்த வதிவிட அட்டையில்தான் ஸ்டெல்லாவினதும் ஷரோனினதும் தொங்குகின்றன. ஷரோனுக்கு அடுத்த வருடம் பதினெட்டு. பிறந்த நாளிலிருந்து ஒரு இடைவெளியும் இல்லாமல் பதிவில் இருந்திருந்தால் இந்த நாட்டுப் பிரசையாக எழுதிக் கேட்கலாம். இந்த செப்டெம்பரில் என் அட்டை முடிகிறது. வேலையில்லாமல் போய் நின்றால் தேடிக்கொள்ளக் கொஞ்சக் காலம் தருவார்கள்தான். ஐம்பத்தாறு வயதில் முதுகு நோவோடு நிற்பவனை எந்த வீட்டில் எடுப்பார்கள்?

நீண்டகால அட்டை எடுக்கலாமே என்று புத்தி சொல்பவர்கள் உண்டு. அதற்கு மொழிப் பரீட்சை இருக்கிறது. நான் இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் விழுந்தவன். கடைசித் தரம், வீட்டுச் சொந்தக்காரருக்குக் குழாய் ஒழுகுவதைப் பற்றி முறைப்பாட்டுக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எனக்கு முறைப்பாட்டுக்கு உரிய சொற்கள் ஒன்றும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு, நன்றி சொல்லி, அவருடைய குடும்பத்தையும் நலம் விசாரித்து எழுதிவிட்டு வந்தேன்.

3

இந்த மீன்பிடியை ஊரில் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்துவது லேசான காரியம் இல்லை. நான் மன்னார்க் கரையில் கடற்தொழில் செய்த வீட்டில் பிறந்தவன். எங்களுக்கு மீன் கூடைக்கணக்கு. இங்கே பலேர்மோவிலிருந்து இரண்டு மணித்தியாலம் காரில் மலையேறி, ஒரு முழ நீளமும் இல்லாத மீனுக்காக நாள் முழுவதும் தண்ணீரில் நிற்கிறார்கள். த்ரோத்தா என்று பெயர். ஆங்கிலத்தில் ட்ரவுட். உடம்பு முழுக்கப் புள்ளி. பார்க்க வடிவான மீன்தான்.

மீன் எங்கே நிற்கும் என்று காட்டுவதற்கு ஒரு வழிகாட்டி வருவாள். மரிலேனா என்று பெயர். நாற்பது வயது, வெயிலில் கறுத்து எங்களில் ஒருத்தி மாதிரித்தான் இருப்பாள். முதலில் ஆற்றுக் கல்லைப் புரட்டி அடியில் என்ன பூச்சி இருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு பெட்டியைத் திறந்து அதே பூச்சி மாதிரி இறகிலும் நூலிலும் கட்டிய ஒரு ஈயை எடுத்துக் கட்டுவாள். அந்த ஈக்குள்தான் ஊசி. ஊசியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி வைத்திருப்பார்கள், மீனுக்கு அதிகம் நோகக்கூடாதாம். எஞ்சினியர் தடியை முன்னும் பின்னும் விசுக்கி, அந்த ஈ மெதுவாகத் தண்ணீரில் விழுகிற மாதிரி எறிவார். மீன் ஏமாந்து கவ்வும். மரிலேனா தன் கையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொண்டுதான் அதைத் தொடுவாள். காய்ந்த கை பட்டால் மீனின் தோலில் உள்ள வழுவழுப்புப் போய்விடுமாம். ஊசியைக் கழற்றி, மீனை நீரோட்டத்தைப் பார்க்கத் திருப்பி, அதற்கு மூச்சு வரும்வரை பிடித்திருந்து, பிறகு விட்டுவிடுவாள்.

விட்டுவிடுவாள்! இதற்குத்தான் இவ்வளவு பாடு.

முதல் வருடம் இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எஞ்சினியர் அப்போது ஊன்றுகோலோடு தன்பாட்டில் நின்றார். நான் துவாயும் தண்ணீர்ப் போத்தலுமாகக் கரைப் பக்கம் நின்றேன். மீன் என் காலடிக்கு வந்தது. என் கைக்குத் தெரிந்த வேலையைக் கை செய்தது. செவுளுக்குப் பின்னால் பிடித்து, ஊசியைக் கழற்றி, தலையைக் கல்லில் இரண்டு தரம் அடித்துவிட்டேன். நல்ல மீன் பதறிச் சாகக்கூடாது, இறைச்சி கெட்டுப்போகும் என்று எங்கள் வீட்டில் பழக்கியது அப்படித்தான்.

மரிலேனா "நோ!" என்று கத்தியது மலை இரண்டிலும் பட்டுத் திரும்பி வந்தது. அது ஒரு மீனையும் கொல்லக்கூடாத பகுதியாம். தெரியவந்தால் வழிகாட்டும் உரிமமே போய்விடுமாம். அவள் ஒரு கல்லில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள். செத்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், "நல்ல மீன்தானே, சிஞ்ஞோரா?" என்று கேட்டேன்.

எஞ்சினியர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து ஊன்றுகோல் நழுவி ஆளே சரியப்போனார். நான் ஓடிப்போய்ப் பின்னால் அவருடைய பெல்ற்றைப் பிடித்தேன். அவரை அப்படிப் பிடித்த முதல் தரம் அது. மரிலேனா தன்னுடைய பதிவுப் புத்தகத்தில், மீன் ஊசியை ஆழமாக விழுங்கியதால் இறந்தது என்று எழுதினாள். எழுதும்போது என்னைப் பார்க்கவே இல்லை. பொய் எழுதும் பழக்கத்தை அவளுக்கு நான்தான் ஏற்படுத்தினேன். அன்று வீட்டில் அந்த மீனைத் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தேன். எஞ்சினியர் முள்ளைச் சூப்பிவிட்டு, "ஐம்பது வருசமா இதைப் பிடிக்கிறன், இண்டைக்குத்தான் ருசி தெரியுது," என்றார்.

4

இரண்டாம் வருடம் ஊன்றுகோல் போதவில்லை. மூன்றாம் வருடத்திலிருந்து நான் பிடித்தால்தான் அவர் நிற்பார் என்ற நிலை.

வீடியோவில் நான் தெரியக்கூடாது. அதற்கு நாங்கள் மூன்று பேருமாக ஒரு வழி கண்டுபிடித்தோம். எஞ்சினியர் பெரிய உடம்புக்காரர், நான் சின்ன ஆள். அவருக்குப் பின்னால் ஆற்றில் முழங்காலில் இருந்து, தலையைக் குனிந்து அவருடைய முதுகுப் பையோடு ஒட்டிக்கொண்டு, வலக் கையால் பெல்ற்றைப் பிடித்துத் தாங்குவேன். மரிலேனா முன்னால் கீழே குனிந்து நின்று எடுப்பாள். தண்ணீர் எனக்கு நெஞ்சுக்கு மேலே வரும். ஜூலை மாதத்தில் பலேர்மோவில் தார் உருகுகிற வெயில். அந்தத் தண்ணீரோ எலும்புக்குள் போகும். கோயிலில்கூட நான் அவ்வளவு நேரம் முழந்தாளிட்டது கிடையாது.

அவர் ஆட்டம் காணும்போது என் மணிக்கட்டில் தெரியும். இடக் கால் வழுக்கப்போகிறது என்றால் பெல்ற் முதலில் வலப் பக்கம் இழுக்கும். உடனே நான் தோளைக் கொடுப்பேன். எறிவதற்கு மூச்சை இழுத்தால் இடுப்பு விரியும், நானும் மூச்சைப் பிடிப்பேன். நாற்பது விநாடிக்கு வீடியோ என்றாலும் மீன் கவ்வும் நேரம் பார்த்து நிற்கவேண்டும். சிலவேளை ஒரு மணித்தியாலம். ஆறு வருடமாக அந்த ஆற்றுக்குப் போகிறேன். அந்த ஆறு முன்னாலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று வீடியோவில்தான் எனக்குத் தெரியும்.

ஒரு தரம் மரிலேனா பாவப்பட்டு, அணைக்கட்டுக்குப் போவோம், வள்ளத்தில் இருந்தபடி பாஸ் மீன் பிடிக்கலாம், முழங்கால் நோகாது என்றாள். எஞ்சினியர் முகத்தைத் திருப்பினார். "அந்த அணையைக் கட்டினதே நான். என்ரை வீட்டு வாசலிலை நானே போய்ப் பிச்சை கேக்கவோ?" என்றார். எனக்கும் அந்த யோசனை பிடிக்கவில்லை. மகன் கேட்டது ஆற்றில் நிற்கிற வீடியோ. வள்ளத்தில் இருக்கிற வீடியோவுக்கு என் அட்டை நீளாது.

இந்த முறை அவர் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. மீன் ஒன்று வந்தது, மரிலேனா விட்டாள், அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. கரைக்கு வந்து றப்பர்க் காற்சட்டையைக் கழற்றியபோது தொடை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. போன வருடத்தைவிட நன்றாக மெலிந்துவிட்டார். மெலிந்த ஆளுக்குப் பின்னால் ஒளிவது கஷ்டம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. காரில் வரும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "குவெஸ்தூராவிலை உனக்கு எப்ப தவணை, அந்தோனியோ?" செப்டெம்பர் என்றேன். அந்த மாதத்தில் அதை மூன்றாம் தரம் கேட்கிறார். வயது போனால் மறதி வரும்தானே என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை வைத்து என் போனில் வீடியோவை மூன்று தரம் பார்த்தார். "அனுப்பு," என்றார். நான் மீனை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

5

அந்த ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஸ்டெல்லா மாடிப்படி துடைக்கும் வேலைக்குப் போகிறவள். எதையும் துடைத்துச் சரிசெய்யலாம் என்று நம்புகிறவள்.

"மரிலேனாவுக்குப் போன் எடுங்கோ," என்றாள். "வெளிச்சம் சரியில்லை, புதுசா ஒண்டு எடுப்பம் எண்டு சொல்லுங்கோ. மகன் உங்கடை கையைக் கண்டிருந்தா இதுக்கிடையிலை எடுத்து ஏசியிருப்பார். அவர் பாக்கமுதல் மற்றதை அனுப்புவம்."

"பாத்திட்டார். நீலக் கோடு விழுந்திட்டுது."

"பாத்தா? போனை வைச்சிட்டு ஆரோ ஒராளின்ரை பல்லைப் புடுங்கிக்கொண்டு நிண்டிருப்பார்."

மரிலேனாவுக்கு எடுத்தேன். "அவருக்குப் போன கிழமையே ஏலாமல் இருந்தது, அந்தோனியோ," என்றாள். வெளிச்சம் சரியில்லை என்று திரும்பவும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னாள்.

ஷரோன் கோப்பையைக் கழுவியபடியே கேட்டாள். "அவருக்கு ஆறு பிடிக்குமோ? நீங்கள் கேட்டனீங்களா?"

"என்ன கேக்கிறது? அவரின்ரை ஆறு. அவர்தான் சத்தியம் பண்ணினவர்."

"அது ஆறு வருசத்துக்கு முந்தி. இப்ப கேட்டனீங்களா?"

"உன்ரை பாஸ்போர்ட்டுக்குத்தான் பிள்ளை நான் தண்ணிக்குள்ளை முழங்காலிலை நிக்கிறன்."

அவள் குழாயை நிறுத்தினாள். "நான் நிக்கச் சொன்னனானோ?" என்றாள் இத்தாலியனில். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். தமிழில் சொல்லியிருந்தால் ஏசியிருப்பேன். இத்தாலியனில் அவளுக்கு மறுமொழி சொல்ல எனக்கு எப்போதும் பிந்திவிடும்.

உண்மையைச் சொல்கிறேன். நான் கேட்டதே இல்லை. மே மாதம் பிறந்ததும் பெட்டியிலிருந்து தூண்டில் தடிகளை எடுத்து, தூசு தட்டி, அவருடைய கண்ணில் படும்படி நடையில் சாத்தி வைப்பேன். "எஞ்சினியர், ஆறு வந்திட்டுது," என்பேன். அவர் ஆசைப்படுகிறார், நான் உதவுகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

6

திங்கள் காலை கோப்பி கொடுத்துவிட்டுப் படுக்கையறையில் வைத்துத் தொடங்கினேன்.

"எஞ்சினியர், நாளைக்கு இன்னொருக்கால் ஆத்துக்குப் போவம். வீடியோ வடிவா வரேல்லை."

அவர் கோப்பையை வைத்தார். காதில் போடும் மிசின் மேசையில் கிடந்தது. காலையில் அதைப் போட அவருக்குப் பஞ்சி. கிட்டப் போய்க் கொஞ்சம் உரத்துச் சொன்னால் கேட்கும்.

"கைதானே?" என்றார். "நான் கண்டனான்."

"கண்டனீங்களோ? பிறகு ஏன் அனுப்பச் சொன்னனீங்கள்?"

யன்னல் பக்கம் திரும்பினார். பிறகு தன்பாட்டில் கதைப்பது போலச் சொன்னார். "தொரினோவிலை மகன்ரை வீட்டுக்கு முன்னாலை, ஆக்கள் குந்தியிருக்கிற ஒரு வாங்கு இருக்கு. நான் ஒருக்கால் போய் இருந்தனான். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாலைதான் வருவாள். அதிலை போய் இருக்கவேணும் போலை கிடக்கு. எனக்கு ஆறு போதும், அந்தோனியோ. மூண்டு வருசமாப் போதும். அந்தத் தண்ணியிலை நிண்டா எனக்கு எலும்பு அழுகுது."

"அப்ப ஏன் போனனீங்கள்?"

"உன்ரை கடதாசி. ஒரு முறை உன்ரை அட்டை. அடுத்த முறை மனிசியின்ரை. பிறகு பிள்ளையின்ரை. ஒவ்வொரு மே மாசமும் தடியளைக் கொண்டந்து சாத்துவாய். என்னெண்டு நான் ஏலாது எண்டு சொல்லுறது? இந்த முறை கை தெரிஞ்சாத் தெரியட்டும் எண்டு விட்டிட்டன். மகன் கண்டிட்டு வரட்டும் எண்டு. அனுப்பின நாளிலை இருந்து நித்திரை இல்லை. உன்ரை செப்டெம்பர் முடியேல்லைத்தானே." கையை நீட்டினார். "எடு அந்தக் காற்சட்டையை. போட்டுப் பாப்பம். வீங்கின காலுக்கு ஏறுதோ தெரியாது."

நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். தொரினோவுக்கு எடுத்து, உங்கள் தகப்பனுக்கு ஏலாது, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். நான் றப்பர்க் காற்சட்டையை எடுத்து வந்து, நிலத்தில் முழங்காலில் இருந்து, அவருடைய வலக் காலை அதற்குள் விட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. கை நிற்கவில்லை. எண்பத்துமூன்று வயது மனுசனை என் அட்டைக்காக மூன்று வருடம் குளிர்தண்ணீரில் நட்டு வைத்திருந்தேன். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு காலை ஏற்றிவிட்டேன்.

மற்றக் காலுக்கு வரும்போது என் போன் அடித்தது. தொரினோ.

நடைக்குப் போய் எடுத்தேன். மகன் மெதுவாகத்தான் கதைத்தார்.

"அந்தோனியோ, வீடியோ பாத்தன். அப்பா கிட்ட நிக்கிறாரோ?"

"அறைக்குள்ளை இருக்கிறார். மிசின் போடேல்லை."

"உம்முடைய கை தெரியுது."

என் வாயில் ஸ்கூஸி, ஸ்கூஸி என்ற மன்னிப்பு மட்டும் வந்தது.

"பயப்பிடாதையும். போன வருசமும் தெரிஞ்சது. அதுக்கு முதல் வருசம் உம்முடைய தொப்பி. நான் ஒண்டும் சொல்லேல்லை, இப்பவும் சொல்லமாட்டன். இந்த முறை 'பிராவோ' எண்டு எழுதத்தான் கை வரேல்லை. இப்பிடியே இருக்கட்டும், அந்தோனியோ. இஞ்சை ஏலாது. மனிசி ஓமெண்டு சொல்லமாட்டா. பிள்ளையும் பெரிசாப் போச்சு, அவளுக்கு ஒரு அறை வேணும். அவர் வாறன் எண்டு உம்மட்டைச் சொன்னாலும் நீர் ஆத்துக்குக் கூட்டிக்கொண்டு போம். ஒப்பந்தத்திலை எத்தினை வருசத்துக்கு எண்டாலும் நான் கையெழுத்து வைப்பன். ஆத்திலை நிக்கிறார் எண்டே இருக்கட்டும். அவருக்கும் அதுதான் மரியாதை."

போனை வைக்கமுன் எனக்கு நன்றி சொன்னார். கெட்ட மனுசன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சந்தோசம் வந்தது. பொய் சொல்லமாட்டேன். செப்டெம்பர் தப்பியது, ஷரோன் தப்பினாள் என்று ஒரு மூச்சு விட்டேன். அதற்குப் பிறகுதான், திறந்த கதவுக்கு உள்ளே ஒரு காலில் றப்பரும் மற்றக் காலில் வெறும் சொக்ஸுமாக இருந்த ஆளைப் பார்த்தேன். எந்த நேரம் வேண்டுமென்றாலும் போய்க் குந்தலாம் என்று அவர் வைத்திருந்த அந்த வாங்கு இனி இல்லை. எப்போதுமே இருந்திருக்கவில்லை. எனக்காக அவர் விட்டுக்கொடுத்தது, அவரிடம் இல்லாத ஒன்றை.

"ஆர்? மகனோ?" என்று காதில் கையை வைத்துக் கேட்டார். "என்னவாம்? வாறானாமோ?"

நான் கிட்டப் போய்க் கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அந்த வீட்டில் அதுவரை நான் அந்தக் கட்டிலில் இருந்ததில்லை.

"வரேல்லையாம். அவர் என்ரை கையைக் காணேல்லை. நீங்கள் தனியத்தான் நிக்கிறியள் எண்டு நினைச்சுக்கொண்டார். பிராவோ சொல்லச் சொன்னவர்."

அவருடைய முகத்தில் இரண்டு விதமாக ஓடியது. முதலில் கொஞ்சம் வாடியது. பிறகு, நெஞ்சில் கிடந்த பாரம் ஒன்று இறங்கியது போல, தோள் தளர்ந்தது.

"அப்ப உன்ரை செப்டெம்பர்?"

"தப்பிச்சுது."

"பாத்தியோ. நித்திரை இல்லாமல் கிடந்தன். நான் இல்லாட்டி நீ என்ன செய்வாய், அந்தோனியோ?"

இதற்கு நான் என்ன சொல்லவேண்டும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்த வருடம் மட்டும் இல்லை, இனி அவர் இருக்கும் வரைக்கும், ஒவ்வொரு மே மாதமும் நான் இதைத்தான் கேட்கவேண்டியிருக்கும். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னை விட்டிட்டுப் போயிடாதேங்கோ, எஞ்சினியர். எனக்கு இஞ்சை வேறை ஒருத்தரும் இல்லை. நீங்கள் தொரினோவுக்குப் போனா என்ரை குடும்பம் தெருவிலை. இன்னும் கொஞ்சக் காலம் எனக்காக இருங்கோ."

சொல்லும்போது குரல் உடைந்தது. நடிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

எஞ்சினியர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"சரி, சரி, அழாதை," என்றார் பெரிய மனதோடு. "உனக்காக இருக்கிறன்."